பன்னிரண்டு நிமிட பேட்டரி

மார்ச் 3, திங்கள்

காலையில் இரண்டு பேருக்கு டிரைவிங் வகுப்பு. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா இன்றும் பிரேக்கை அழுத்துவதற்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொண்டார். என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால் பிழைத்தோம். கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருபத்தாறாம் தேதி குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அப்புறம் கத்து என்று கெஞ்சினாலும் முடியாது.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், எண்ணூறு வாக்கியங்கள் கொண்ட பட்டியல் ஒன்று கொடுத்தார். அத்தனையையும் படித்துப் பதிவு செய்தால், பின்னால் நான் தட்டச்சு செய்வதை என் குரலிலேயே பேசுகிற மாதிரி செய்து தருவார்களாம். லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் பதிய வேண்டும். மாட்டியிருந்தால் ஒரு ரீங்காரம் விழுகிறது. வீட்டுக்குக் கீழே வெல்டிங் பட்டறை. ஆகவே வகுப்புக் கார்தான் கதி. கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் லேப்டாப்.

மார்ச் 5

அறுபது வாக்கியம். பேட்டரி ஒரு மணி பதினைந்து நிமிடத்தில் படுத்துவிட்டது. நானே பரவாயில்லை போல.

மார்ச் 7

பாதியில் ஆன்டிவைரஸ் சோதனையை ஆரம்பித்தது. உள்ளே விசிறி இரைந்து பதினெட்டு வாக்கியம் பாழ். நான் அதற்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்திருக்கிறேன். அழைக்காத நேரத்தில் வந்து நிற்கும்.

அதை நிறுத்திவிடலாமா என்று மகளிடம் போனில் கேட்டேன். "வேணாம்ப்பா. பேட்டரிய கொஞ்சம் குடிக்கும்தான். ஆனா உங்க பென் டிரைவ்ல வராத வைரஸா?" என்றாள். உண்மைதான். லைசென்ஸ் விண்ணப்பங்களை அச்செடுக்கப் பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோய்த் திரும்பச் சொருகும்போதெல்லாம் வாட்ச்மேன் சிவப்பாகக் கத்தும். இருந்தாலும் எரிச்சல் வந்தது. "பாதில நின்னுபோனா நீ வந்து படிக்கிறியா?" என்றேன். வேலையும் பிள்ளையுமாக வெளியூரில் இருக்கிறவள், பாவம், என்ன செய்வாள்.

மார்ச் 8

நிறுத்திவிட்டேன். விசிறி மூச்சுவிடவில்லை. பேட்டரி ஒரு மணி இருபத்தேழு நிமிடம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, உருப்படியான காரியம்.

மார்ச் 14

470 முடிந்தது. என்ன வாக்கியங்களோ. "எனக்கு நீல நிறம் பிடிக்கும்." எனக்குப் பிடிக்காது. பின்சீட்டில் உட்கார்ந்து பட்டியலில் டிக் போடுகிறவள் என் மனைவி. நம் சொந்த வாக்கியங்கள் இருபது சேர்க்கலாம் என்று இருக்கிறதாம். முப்பத்தொரு வருடமாக அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏய், இங்க பாரேன்"தான். "அதையும் போடுங்க. நாளைக்கு யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கக் கூடாது" என்றாள். சொன்னேன். உடனே "என்ன?" என்று கேட்டுவிட்டாள். சிரித்ததில் அந்தப் பதிவு கெட்டது. மறுபடி எடுத்தோம்.

மார்ச் 19

742. இன்னும் இரண்டே நாள் வேலை. எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வைத்தேன். பிரிண்ட் கடைக்கும் போய்வந்தாயிற்று. பென் டிரைவைச் சொருகினால் ஒரு சத்தமும் இல்லை. இந்த வாரம் சுத்தம் போலிருக்கிறது.

மார்ச் 20

போச்சு.

எல்லா ஃபைல் பேருக்கும் பின்னால் ஏதோ வால் முளைத்திருக்கிறது. ஒன்றும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் திறப்போம் என்று திரை முழுக்க ஒரு அறிக்கை. நகல்? அதையும் இதே லேப்டாப்பில், பக்கத்து ஃபோல்டரில்தானே வைத்தேன். மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை. பென் டிரைவ் சுத்தமாம். கத்துறவன நான்தானே வீட்டுக்கு அனுப்பினேன். எனக்கு ஏன் உறைக்கல? ஏன் உறைக்கல?

மார்ச் 21

பணம் கொடுத்தாலும் திறப்பார்கள் என்று நம்ப முடியாது, இதை மீட்க வழியும் இல்லை என்று ரிப்பேர்க்காரர் சொல்லிவிட்டார். லேப்டாப் அவரிடமே இருக்கட்டும். மகளிடம் மனைவிதான் சொன்னாள். நான் போனை வாங்கவில்லை.

மார்ச் 23

போனிலாவது பதியலாம் என்று பயிற்சிப் பெண் சொன்னார். காரில் உட்கார்ந்தேன். மூன்று வாரம் படித்துப் படித்துத் தொண்டை தீர்ந்திருக்கிறது. ஒன்பதாவது வாக்கியத்துக்கு மேல் வெறும் காற்று. "ஏய், இங்க பாரேன்" மூன்று தடவை முயன்றேன். அதுவும் காற்றுதான். அனுப்பியதைக் கேட்டுவிட்டு, "இத வச்சு செய்ய முடியாது சார்" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

மார்ச் 25

நாளைக்கு. கிசுகிசுப்பாகவாவது இன்று மனைவியிடம் பேசியிருக்கலாம். என் மேலேயே இருந்த கோபத்தில் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 17

ரிப்பேர்க்காரரிடம் போய் லேப்டாப்பை வாங்கினேன். எல்லாம் அழித்து, புதுப் பேட்டரி போட்டு, ஆன்டிவைரஸும் போட்டுக் கொடுத்தார். சிலேட்டில் எழுதிக் கேட்டேன்: ஆன்டிவைரஸ் பேட்டரியைத் தின்றதா இல்லையா?

"பழைய பேட்டரியே உப்பிப்போய் இருந்துச்சு சார். இது என்ன குடிச்சிருக்கும், பத்துப் பன்னிரண்டு நிமிஷம். சோதனை போடுற நேரத்த மட்டும் மாத்தியிருந்தா போதும்."

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். நானே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மணி பதினைந்து. ஒரு மணி இருபத்தேழு. கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20

வங்கி அம்மா ஆசையாக வந்தார். மைதானத்தில் ஓட்டினோம். "பிரேக்" என்று போனில் தட்டி, அது வாயைத் திறப்பதற்குள் என் கால் பிரேக்கில் இருந்தது. அவருக்கு வேறு பள்ளியின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். காரை விற்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 24

லேப்டாப்பில் பேசுகிற குரலைப் போட்டுக்கொண்டேன். செய்தி வாசிப்பவர் மாதிரி, தெளிவாக, யாருக்கும் சொந்தமில்லாமல் பேசுகிறது. அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏய், இங்க பாரேன்" என்று தட்டினேன்.

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "யாரு?" என்றாள்.

திரையின் மூலையில் வாட்ச்மேன் பச்சை காட்டியது. ஆபத்து ஏதும் இல்லையாம். பேட்டரி இன்னும் நாலு மணி நேரம் வருமாம். லேப்டாப்பை மூடிவிட்டு மேஜையை விரலால் தட்டினேன். அதற்குத் திரும்பினாள்.