நீங்கள் கழற்றி வைத்த எழுத்து

என் அன்புக்கும், இந்த ஒரு மாதமாக என் கோபத்துக்கும் உரியவரே,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு யுத்தம் முடிந்துவிட்டது. கல்லடிப் பாலத்தில் இப்போது யாரும் பஸ்ஸை மறித்து இறங்கி நடக்கச் சொல்வதில்லை. காத்தான்குடிக்குப் போய் வர அரை மணித்தியாலம் போதும். ஆனால் கதவில் தட்டுக் கேட்டால் யன்னல் சீலையை விலக்கி யாரென்று பார்த்த பிறகுதான் திறக்கிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை. போக வேண்டுமா என்றும் தெரியவில்லை.

உங்கள் டிஸ்க்கைப் பற்றித்தான் எழுத வந்தேன். எது என்று நடிக்க வேண்டாம். சவர்க்காரக் கட்டியளவில் கறுப்பாக, இரண்டு தலை உள்ள வயரோடு, சுனாமிக்கு அடுத்த வருஷம் கொழும்பிலிருந்து வாங்கி வந்தீர்களே, அதுதான். கல்லடியில் இருந்த உங்கள் ஸ்டூடியோவைக் கடல் கொண்டுபோனது. நெகட்டிவ் பெட்டிகள் இந்த வீட்டில் இருந்ததால் தப்பின. அல்பங்களைப் பறிகொடுத்த சனம் நம் வாசலில் வந்து நின்றது. நீங்கள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த டிஸ்க்கில் சேர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்தீர்கள். மறுபடி கடை போட்டு எடுத்த படங்களும் அதற்குள்ளேதான் போயின.

பிறகு ஒருநாள், டிஸ்க் பழுதாகிவிட்டது என்றீர்கள். நான் நம்பினேன். நாற்பது வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியவள் வேறென்ன செய்வாள்?

போன மாதம் வவுணதீவிலிருந்து யோகம்மா வந்தாள். அவளுடைய மகள் ரஞ்சி தையல் வகுப்புக்குப் போய்த் திரும்பாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஊரில் இரண்டு கதைகள் உண்டு. காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின் கந்தோருக்கு, ஆட்கள் வருகிறார்களாம். மனுவோடு படமும் கொடுக்க வேண்டும். வீட்டில் இருந்த படங்களை எல்லாம் பயத்தில் அவளே எரித்துவிட்டாள். மிச்சம் நீங்கள் எடுத்த அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

"அது டிஸ்க்கோட போயிற்று" என்றேன். "டிஸ்க் பழுதாகி நாலு வருஷம்."

"இல்லம்மா. ஐயா எனக்குப் பிள்ளைட படத்தக் காட்டின. இந்தக் கம்ப்யூட்டர்லதான். நான் இந்தக் கதிரயிலதான் இரிந்தனான்."

"எப்ப?"

"ஐயா மோசம் போறதுக்கு முந்தின மாரியில. நீங்க கோயிலுக்குப் போயிரிந்தீங்க."

"நான் கோயிலுக்குப் போற நேரமாப் பார்த்தோ வந்தனி?"

"ஐயாதான் அந்த நேரம் வரச் சொன்னவர். அச்சடிச்சித் தாறன் எண்டும் சொன்ன. எனக்குத்தான் வீட்ட கொண்டுபோகப் பயமாப் போச்சி."

இந்தப் பதிலைக் கேட்கும் மனைவியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒன்றில் அவள் பொய் சொல்கிறாள், அல்லது நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் அவளைத்தான் சந்தேகித்தேன். அது உங்கள் மீது நான் வைத்திருந்த மரியாதை.

அவள் போன பிறகு அலுமாரியைத் திறந்தேன். மடித்து வைத்த உங்கள் வெள்ளைச் சேட்டுகளுக்கு அடியில், பழைய தலையணை உறையில் சுற்றி, டிஸ்க் இருந்தது. பழுதான குடையை அன்றே எறிகிற மனிதர் நீங்கள். பழுதான டிஸ்க்குக்கு எதற்கு இந்தச் சீராட்டு?

வயரின் இரண்டு தலைகளையும் செருகினேன். நீல வெளிச்சம் வந்தது. காதை வைத்துக் கேட்டேன், உள்ளே ஏதோ சுழன்றது. கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றும் அறியாததுபோல் இருந்தது. பின்பக்கத்து ஓட்டைகளில் மாற்றிச் செருகினேன். நிறுத்தி மறுபடி போட்டேன். திரையில் வழமையான சீ, டி என்ற இரண்டுக்கும் பக்கத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. உங்கள் தம்பி வந்து பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சு மச்சாள், எறியுங்க" என்றார். அவர் எறியச் சொல்வதை நான் எறிவதில்லை.

நீங்கள் கம்ப்யூட்டர் சாமான் வாங்கிய காத்தான்குடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நவாஸிடம் கொடுக்குமுன், டிஸ்க்கின் முதுகில் இருந்த நீண்ட இலக்கத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். தபாலதிபராக இருந்த நான், பதிவுத் தபாலை இலக்கம் குறிக்காமல் யாரிடம் கொடுத்திருக்கிறேன்? அவர் தன் கம்ப்யூட்டரில் செருகினார். உடனே வந்தது! நவாஸின் கடையில் உயிரோடு இருக்கிறது, என் வீட்டில் மட்டும் பிணமாகக் கிடக்கிறது.

"மிஸ், என்ன வேணுமோ இஞ்சயே திறந்து பாருங்க" என்றார்.

"தேவையில்லை" என்று வயரைப் பிடுங்கினேன்.

"வீட்ட போய்ப் பாக்கிறதவிட இஞ்சயே பாக்கிறது நல்லம் மிஸ்."

இதற்குமேல் சந்தேகம் வர வேறென்ன வேண்டும்? ஊராரின் முகங்களைக் கடையில் விரித்துவைக்க நான் விடுவேனா? எதற்காகத் தேடுகிறேன் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து செருகினேன், மறுபடியும் ஒன்றுமில்லை. நவாஸ் டிஸ்க்கை மாற்றிவிட்டான் என்று தாளை எடுத்து இலக்கத்தை ஒத்துப் பார்த்தேன். ஒரு இலக்கம் பிசகவில்லை. அப்போதும் என் மனம் அடங்கவில்லை. உள்ளுக்குள் எதையாவது கழற்றியிருப்பான் என்று நினைத்தேன். நம் சனத்தில் ஒருவராக இருந்தால் அவ்வளவு சுலபமாகக் கள்ளன் என்று நினைத்திருப்பேனா? இந்தக் கேள்வியை உங்களிடம் மட்டும் கேட்கிறேன். பதில் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை யோகம்மா வந்தபோது, காத்தான்குடி நவாஸ் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லி அனுப்பினேன். அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே நவாஸின் கடைக்குப் போயிருக்கிறாள்.

வியாழன் மத்தியானம் நவாஸ் வாசலில் நின்றார். கையில் ஒரு சாமானும் இல்லை.

"மிஸ், என்னக் கள்ளன் எண்டுதானே நினைச்சீங்க?"

"ஓம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஐயா சொன்னது சரிதான்."

"என்ன சொன்னவர்?"

"இரிங்க, முதல்ல இதப் பாப்பம்."

உங்கள் கதிரையில் இருந்தார். கம்ப்யூட்டரில் நான் ஒருநாளும் பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தார். அங்கே நம் டிஸ்க் நீலப் பட்டையோடு நல்ல சுகமாக இருந்தது. தபாற்கந்தோரின் பின் அறை ஞாபகம் வந்தது. விலாசம் இல்லாத கடிதங்கள் அங்கேதான் கிடக்கும். தொலைவதில்லை. முன்னுக்கு நின்று கேட்பவருக்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

"டிஸ்க் பழுதில்ல மிஸ். எழுத்துத்தான் இல்ல. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டர் ஒரு இங்கிலீஷ் எழுத்துக் குடுக்கும். எழுத்தக் கழட்டினா ஆள் உள்ளதான் ஈக்கிம், வெளிய காட்டாது. இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் அப்பிடிச் சொல்லி வச்சிருக்கு. அதான் எண்ட கடையில வந்த."

"எழுத்து தானாக் கழருமா?"

"தானாக் கழராது. ஐயாதான் கழட்டின. பாக்கணும் எண்டா போடுவார், மறுகா கழட்டுவார். காட்டிக் குடுத்தது நான்."

அந்தப் பழைய தலையணை உறையை எடுத்து நாலாக மடித்தேன். பிறகு கேட்டேன்: "ஏன் என்னிட்டச் சொல்லல்ல?"

நவாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "'அவட வாயில பொய் வராது, நவாஸ். கேட்டா உள்ளதச் சொல்லிப்போடுவா. அவ நம்பினாத்தான் வாறவங்களும் நம்புவாங்க' எண்டார். உங்களுக்குச் சொல்லமாட்டன் எண்டு வாக்கும் வாங்கின. அதுக்குத்தானே மிஸ், கடையிலயே பாருங்க, கடையிலயே பாருங்க எண்டு கெஞ்சினேன்? பிள்ளைட விசயம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்டைக்கே வந்திருப்பேன்."

டிஸ்க் பழுது என்று நீங்கள் சொன்ன மூன்றாம் மாதம், அந்த நான்கு பேர் நம் வீட்டுக்கு வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. அதற்கு முந்திய மாதம் வந்தவர்கள் வேறு ஆயுதக் கூட்டம், இவர்கள் வேறு. இரண்டு கூட்டமும் கேட்டது ஒன்றைத்தான்: ஆளை அடையாளம் பார்த்துப் பிடிக்க, இளம் பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்கள். ஒருவன் இதே டிஸ்க்கை எடுத்துச் செருகினான். வெளிச்சம் வந்தது, படம் வரவில்லை. அவன் உங்களிடம் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டான். "அது பழுதான டிஸ்க். மூன்று மாதமாக வேலை செய்யவில்லை" என்றேன். என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தான். டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவர்கள் போன பிறகு, தேத்தண்ணியைத் தொடாமல், "நல்லாச் சொன்னாய்" என்றீர்கள். உள்ளதைச் சொன்னதற்கு எதற்குப் பாராட்டு என்று நான் அன்று யோசிக்கவில்லை. கன்னியாஸ்திரிமார் வளர்த்த என் உண்மையை, என்னைக் கேட்காமல், உங்கள் பொய்க்குப் பூட்டாக மாட்டியிருக்கிறீர்கள். எத்தனை பிள்ளைகள் அதனால் தப்பினார்களோ தெரியாது. ரஞ்சி தப்பவில்லை. இதில் நான் பெருமைப்பட வேண்டுமா? காத்தான்குடிக் கடைக்காரரிடம் சொல்ல முடிந்ததை, ஒரே மேசையில் சோறு தின்ற என்னிடம் சொல்ல முடியாமல் போனதற்கு அழ வேண்டுமா?

"என்ன எழுத்துக் குடுக்கிற மிஸ்?" என்று நவாஸ் கேட்டார். சூசை என்ற உங்கள் பெயருக்கு எஸ் என்றேன். எழுத்தைக் கொடுத்ததும் அத்தனை முகங்களும் வந்துவிட்டன.

யோகம்மாவும் அதற்குள் வந்து சேர்ந்தாள். ரஞ்சியின் படத்தைத் திறந்தோம். இரட்டைப் பின்னல், கழுத்துவரை பொத்தான். உதட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறாள். யோகம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"பாருங்கம்மா, சிரிப்ப அடக்குறாள். ஐயா படம் எடுக்கக்குள்ள சொல்லுவாரே, 'சிரிக்காத மகள், தபாலதிபர் பாக்கிறா' எண்டு."

"நான் ஸ்டூடியோப் பக்கமே வாறதில்லையே?"

"நீங்க இல்லாட்டியும் சொல்லுவார்."

பிறகுதான் அவள் அழுதாள்.

அன்று பின்னேரம் முழுவதும் நான் தனியாக இருந்து பார்த்தேன். கடலோடு போனவர்கள், காட்டோடு போனவர்கள், உழைக்கக் கட்டாருக்குப் போனவர்கள், இன்றைக்கும் சந்தையில் மீன் விற்கிறவர்கள். எல்லாருடைய உதட்டிலும் அதே அடக்கிய சிரிப்பு. ஊர் முழுவதையும் என்னைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள்! உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. எங்கே வந்து பிடிப்பது?

வெள்ளிக்கிழமை யோகம்மா படத்தோடு கச்சேரிக்குப் போனாள். வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வேறு செய்தி இல்லை.

அடுத்த புதன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். பெயர் சொல்லவில்லை. மிக மரியாதையாகக் கதைத்தான். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, ஐயா எடுத்த படங்கள் இன்னும் கிடக்காமே?"

"ஒரு பழைய படம் கிடந்தது, தாய்க்காரிக்குக் குடுத்தனான்."

"வேற டிஸ்க் ஏதும்?"

நானே போய் எடுத்து வந்து, அவனுக்கு முன்னால் செருகினேன். நீல வெளிச்சம் வந்தது. சீயும் டியும் மட்டும் நின்றன. "அது பழுதான டிஸ்க். நாலு வருஷமாக வேலை செய்யவில்லை" என்றேன். ஏறக்குறைய அதே வசனம். அவனும் என் முகத்தைப் பார்த்தான். போய்விட்டான். எழுத்தைப் போடவும் கழற்றவும் நவாஸ் எழுதித் தந்த தாளை, மனப்பாடம் செய்துவிட்டு, அதற்கு முந்திய நாளே அடுப்பில் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தேன். நவாஸைக் கள்ளன் என்று நினைத்ததைச் சொன்னேன். இந்தப் பொய்யைச் சொல்லவில்லை. எனக்கே பாவமென்று படாத ஒன்றைச் சுவாமியாரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. இது தவிர, வேறு எத்தனை எழுத்துகளைக் கழற்றி வைத்தீர்கள்? நீங்கள் போன பிறகு உங்களை இப்படிச் சந்தேகிக்க வைத்தது நியாயமா?

இதை எழுதி உங்கள் செபப்புத்தகத்துக்குள் வைக்கிறேன். என்றாவது அச்சில் வந்தால், மோட்டார் சைக்கிள்கள் வருவது நின்றுவிட்டது என்று வாசிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். யோகம்மா, நவாஸ் என்பவை அவர்களுடைய சொந்தப் பெயர்கள் அல்ல. டிஸ்க்கும் இப்போது அந்தத் தலையணை உறையில் இல்லை. யாரும் வந்து சேட்டுகளைக் கலைக்க வேண்டாம்.

பிள்ளையைத் தேடி வருகிற தாய்க்கு எழுத்தைப் போடுவேன். பிள்ளைகளைத் தேடி வருகிறவனுக்குக் கழற்றுவேன். யார் எவர் என்று பிரித்தறிய எனக்குத் தெரியும், வாழ்நாள் முழுக்கக் கையொப்பம் ஒத்துப் பார்த்தவள். அந்த முகங்களில் ஒன்றையும் தொலையவிட மாட்டேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள். தபாலதிபர் பார்க்கிறா.

நீங்கள் சொல்லித் தராமலே பொய் பழகிக்கொண்ட,
உங்கள் மனைவி
றெஜினா