மூன்று கட்டங்களுக்கும் ஒரே கையெழுத்து

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? சின்னவளின் இருமல் நின்றதா?

இங்கே ஆலையில் ஒரு சின்னத் தகராறு. தகடு வளைக்கும் இயந்திரம் ஓடுவதற்கு முன் நான் தினமும் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். ரீட், அப்சர்வ்டு, எக்ஸாமின்டு என்று மூன்று கட்டங்கள். விதிகளை வாசிப்பது வேறு, ஓட்டத்தைக் கவனிப்பது வேறு, ஒவ்வொரு திருகையும் தொட்டுச் சோதிப்பது வேறு. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்த எனக்கா தெரியாது?

"எல்லாம் பார்த்தாச்சுங்கறதுதானே புரொஃபசரே! நேரமாகுது, ஒரே இழுப்பா இழுங்க" என்றான் மேற்பார்வையாளன். மூன்று கட்டங்களுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாக இழுத்தேன். பத்தாவது நிமிடம் தடுப்புத் தகடு கழன்று, இயந்திரம் ஓட்டுபவனின் வலது கையை மணிக்கட்டுவரை நசுக்கியது.

"கையெழுத்து உங்களுதுதானே?" என்று சிரித்தான் மேற்பார்வையாளன். அவன் மூக்கை உடைத்தேன். அவன் என் பல்லையும் கண்ணாடியையும் உடைத்தான். உன் அண்ணனை அடிக்காமல் இருபது வருடம் அடக்கி வைத்த கை அது.

இப்போது, தவறு கை போனவனுடையது என்று அறிக்கை எழுதி என்னிடம் நீட்டுகிறார்கள். கையெழுத்திட்டால் என் வேலை நிலைக்கும்; அவன் நஷ்டஈடு இல்லாமல் வெறுங்கையோடு ஊருக்குப் போவான்.

பீரோவில் உள்ள என் பழைய கண்ணாடியை உடனே அனுப்பு. அதைப் போட்டு ஒவ்வொரு வரியையும் வாசிக்காமல் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வந்ததும், சோதிக்காமல் கையெழுத்திட்டவன் நான்தான் என்று நானே எழுதிக் கொடுப்பேன். வேலை போனால் திட்டாதே.

எழுத்து கோணலாக இருப்பது கண்ணாடி இல்லாததால்தான். வேறு ஏதும் நினைத்துக்கொள்ளாதே. சங்கு ஊதிவிட்டது, போகிறேன்.

உன் வீட்டுக்காரன்