நம் சந்து அகலமாகிவிட்டது, அப்பா

என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம்மை எங்கேயும் அனுப்பவில்லை. அதே தஞ்சாவூர், அதே அகழி ஓரம், அதே சந்தில்தான் இருக்கிறோம்.

நீங்கள் போன மறு வருஷம் நகராட்சியிலிருந்து வந்து அளந்தார்கள். ஒவ்வொரு வீடும் முன்பக்கம் ஒரு கட்டில் அகலம் விட்டுக்கொடுத்தால், சாக்கடை கட்டி, ரோடு போட்டு, குழாய் இழுத்து, இங்கேயே பட்டாவும் தருவார்களாம். ஒரு வீடு மறுத்தாலும் எல்லாரையும் பைபாஸுக்கு அப்பால் மனை கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். அங்கிருந்து அம்மா எப்படி விடியுமுன்னே பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸுக்குப் பாத்திரம் கழுவ வருவாள்? ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் கீழ்வேளூர்ப் பக்கமிருந்து மூட்டையோடு வந்து இறங்கியதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். இன்னொரு தடவை மூட்டை கட்ட அம்மாவுக்குத் தெம்பில்லை.

எல்லாரும் சம்மதித்தார்கள், ஜெய்புன் மாமியைத் தவிர. மாமியைக் குறை சொல்ல முடியுமா? அவர் வீட்டுக்காரர் காதர் மாமா சவுதியில் கொத்து வேலை பார்த்து அனுப்பியதில் எழும்பியது அந்த முன்ரூம். நம் சந்தில் கான்கிரீட் போட்ட ஒரே அறை. சந்து திரும்புகிற இடத்தில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நீங்களும்தானே ஜல்லி சுமந்தீர்கள்.

தண்ணி லாரி வரிசையில் பக்கத்து வீட்டு ராணி அக்கா மாமியிடம் நேராகவே கேட்டுவிட்டார். "ஒன் ஒரு ரூமுக்காவ நாங்க எல்லாரும் மூட்டை கட்டணுமா?"

"அவரு வெயில்ல வெந்து அனுப்புன காசுல கட்டுனது. அத இடின்னு சொல்ல நான் யாரு? அவரு வாயால சொல்லட்டும்" என்றார் மாமி.

மாமா வாயால் சொல்ல வேண்டுமென்றால் கேசட்தான். நம் சந்தில் அப்போது யாருக்கும் போன் ஏது? கூத்தாநல்லூரில் யாராவது சவுதிக்குக் கிளம்பினால் மாமி கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். பதில் கேசட் வந்தால் சந்தே கூடிக் கேட்கும். உங்களை ஒரு தடவை பேசச் சொன்னபோது, சவுதிக்கே கேட்கிற மாதிரி "மச்சான், நல்லா இருக்கோம்!" என்று கத்தினீர்களே, அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள்.

நீங்கள் போன பிறகு எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். தண்ணி லாரி பள்ளி நேரத்தில்தான் வரும், அம்மா வேலையில் இருப்பாள். மற்ற நேரம் மாமி வீட்டில் கூடமாட உதவிக்கொண்டிருந்தேன். டேப்பில் பட்டனை அமுக்குவது என் வேலை. பேசச் சொன்னால் அடுப்படிக்குள் ஓடிவிடுவேன்.

அன்று மாமி நடந்ததையெல்லாம் கேசட்டில் சொல்லி அழுதுகொண்டிருந்தபோது பாங்கு சொன்னார்கள். "தொழுதுட்டு வந்துர்றேன், நிறுத்துடி" என்று எழுந்து போனார். பட்டன் மேல் விரலை வைத்தேன். அமுக்கவில்லை.

"மாமா, நான் பாப்பா. கோவிச்சுக்காதீங்க. அப்பா தவறுனப்ப உங்க ரூம் மூலையில பாடை திரும்பாதுன்னுட்டாங்க. அப்பாவச் சேர்ல உக்கார வச்சு, துண்டால கட்டி, ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்க. தலை நிக்கவே இல்ல மாமா. அம்மாதான் பின்னாடியே ஓடிப்போயி பிடிச்சுக்கிட்டாங்க."

அப்பா, இது உங்களுக்குத் தெரியுமா? தெரியாமலே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மாமி திரும்பி வந்தார். "இன்னுமா ஓடுது? என்னடி பேசுன?"

"மாமாவுக்கு சலாம் சொன்னேன் மாமி."

கேசட் போய்விட்டது. பதில் வரவில்லை. நகராட்சி ஆள் வந்து, இன்னும் ஒரு மாதம்தான் என்று கெடு சொல்லிவிட்டுப் போனார். அம்மா யாரிடமும் சொல்லாமல் பெரிய பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

கெடு முடியும் முன் பதில் வந்தது. வழக்கம்போல எல்லாரும் மாமி வீட்டு முன்ரூமில் கூடினோம். முதலில் இருமல். பிறகு மாமா குரல்.

"ஜெய்புன், அழுவாத. மச்சான உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போனத எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே. என் ரூமாலயா?"

ராணி அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த ரூம்ல நான் எத்தன நாளு படுத்தேன்? ஒரே ஒரு லீவு. இடிக்கச் சொல்லு. தேக்கு ஜன்னல மட்டும் பதமா கழட்டச் சொல்லு, இடிக்க வர்ற பயலுவ ஒடச்சிருவானுங்க."

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். மாமி என் காதைப் பிடித்துத் திருகினார். "இதான் ஒன் சலாமாடி?" திருகின கையாலேயே என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார்.

வேலை லேசில் முடியவில்லை அப்பா. சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை ஒரு வருஷம் அப்படியே போட்டுவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் மாறினார், பிறகு இன்னொருவர் வந்தார். இப்போதும் கடைசி வீடுகளுக்குக் குழாய் வரவில்லை. ஆனால் நம் வீட்டில் குழாய் இருக்கிறது. பட்டா அம்மா பெயரில் வந்துவிட்டது. ஆட்டோ வாசல் வரை வருகிறது. போன ஆடியில் ராணி அக்காவின் மாமியார் இறந்தார். மேளம் முன்னே போக, பாடை எதிலும் இடிக்காமல் திரும்பிப் போனது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் ஐப்பசி மழை கொட்டியது. முன்பெல்லாம் தூறல் விழுந்ததுமே, வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்று அம்மா அரிசிப் பானையை உயரத்தில் ஏற்றிவிட்டு, விடிய விடிய வாசலையே பார்த்து உட்கார்ந்திருப்பாள். இன்று வேலையிலிருந்து வந்த களைப்பில், கையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்தாள். இடி இடித்ததும் பழக்கதோஷத்தில் எழுப்பப் போனேன். வாசலைப் பார்த்தேன். தண்ணீர் ரோட்டோரமாகச் சாக்கடைக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மழைக்காக இனி அம்மாவை எழுப்பவே மாட்டேன், அப்பா. இது சத்தியம்.

உங்கள் ஒரே மகள்,
பாப்பா