ஏப்ரலில் வந்தவர்கள்

ஹமாமட்சு, ஜூன் 12

அன்பு மிஹோவுக்கு, அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், லிஸ்பனில் நீயும் அப்படித்தான் இருக்க வேண்டும். மழை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் உண்டு. எனக்குத்தான் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை, வீடு வீடாகப் போகும் அறிவிப்புப் பலகை திரும்பி வந்துவிட்டதா என்று காலையிலிருந்து நாலு தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

போன வாரம் நீ ஃபோனில் கேட்டாயே, "அது அவங்க வீட்டுக் குப்பைதான்னு திறந்து பாத்தீங்களாப்பா?" என்று, நான் கோபத்தில் பட்டென்று வைத்துவிட்டேன். திறந்து பார்க்கவில்லை மிஹோ. இந்த வருஷம் நம் தெருவுக்கு நான்தான் பொறுப்பு. ஏப்ரலில் சுகயா வாடகைக்கு விடும் மாடிக்கு நேபாளத்துத் தமாங் தம்பதி கைக்குழந்தையோடு குடிவந்தார்கள், அதே ஏப்ரலில்தான் தவறான நாளில் வைத்த பைகள், குப்பை வண்டிக்காரர்கள் எடுக்காமல் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போக, அப்படியே கிடக்கத் தொடங்கின. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை என்று பலகையில் எழுதிச் சுற்றுக்கு விட்டேன், பதினோரு வீட்டாரும் சம்மதம் என்று தங்கள் பெயர் முத்திரையைக் குத்தி அனுப்பினார்கள். அதைக் காட்டித்தான் சுகயா அவர்களை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

நாலு பைகளையும் சாட்சி என்று நம் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தேன். உன் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் நேற்று ஒன்றைப் பிரித்தேன். உடைந்த பல்பு, செய்தித்தாளில் சுற்றியிருந்தது. தாளில் ஷோகிச் சதுரங்கப் புதிர், பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் என் விடை, அதுவும் தப்பான விடை. மற்ற மூன்றும் நம் வீட்டுப் பைகள்தான். சமையலறைக்கு ஓடிப் பார்த்தால் சுவரில் மாட்டியிருப்பது போன வருஷத்துக் குப்பை அட்டவணை. இந்த ஏப்ரலிலிருந்து உடைசல் எடுப்பது வியாழனுக்கு மாறிவிட்டது, நான் மட்டும் புதன்கிழமை விடியலிலேயே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஏப்ரலில் வந்தது அவர்கள் மட்டும் இல்லை, புது அட்டவணையும்தான் வந்தது, அது என் புத்தியில் ஏறவில்லை. அம்மா சும்மா இருப்பாளா? "மக விவாதப் போட்டிக்குப் போனப்போ இதெல்லாம் சோறு போடுமான்னு கேட்டீங்களே, இப்ப குப்பை கொட்டவே அவ அங்க கத்துக்கிட்ட கேள்வி வேண்டியிருக்கு பாத்தீங்களா" என்றாள்.

இன்று காலை சுகயாவிடம் போனேன். அவர் அசையவில்லை. "பதினோரு வீட்டுக்காரங்களும் ஒரே மாதிரி சொல்றாங்களே நொசாக்கி-சான், எல்லாருமா தப்பா சொல்வாங்க?" என்றார். "அவங்க யாரும் பாக்கலைங்க, எல்லாருக்கும் சொன்னது நான் ஒருத்தன்தான்" என்றேன். யோசிக்கிறேன் என்றார், அவ்வளவுதான். என் தவறை என் பெயர் போட்டு எழுதி, அட்டவணையையும் ஷோகித் தாளையும் கூடவே இணைத்துப் பலகையைச் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். முத்திரைகள் வந்தால் அதோடு மறுபடி அவரிடம் போவேன்.

தமாங் வீட்டுக்கும் போனேன். அவர்களுக்கு நம் எழுத்து தெரியாது என்று நானே முடிவு செய்து பலகையை அந்த வீட்டுக்கு அனுப்பியதே இல்லை. கதவைத் திறந்தது தமாங்கின் மனைவி புல்மாயா, இடுப்பில் குழந்தை. அவள் பின்னால் சுவரில் இந்த வருஷத்து அட்டவணை, வியாழன்கள் எல்லாம் வட்டம் போட்டு. நான் குனிந்து மன்னிப்பு கேட்க வாயெடுப்பதற்குள் அவள் குழந்தையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு உள்ளே ஓடினாள், தன் குப்பைப் பையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்து முடிச்சை அவிழ்த்து, "பாருங்க ஐயா, எல்லாம் சரியா பிரிச்சிருக்கேன், பாருங்க" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டத் தொடங்கிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது மிஹோ.

நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. எங்கள் ஆசி உன்னோடு எப்போதும் உண்டு. ஒன்றை மறக்காதே, நான் ஃபோனை வைத்தாலும் திரும்பக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேள்.

பலகைக்காகக் காத்திருக்கும் உன் அப்பா,
நொசாக்கி ஷிகெயோ