வந்துகினே கீறேன்

திருப்போரூர்
8.6.2025

அன்புள்ள ரோகிணி,

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் செங்கல்பட்டுக்கு, உன் அண்ணன் வீட்டு முகவரிக்குத் தபால். சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிற நாங்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் பரீட்சை எழுத வேண்டுமாம். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல என்னையும் ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து, ஒரு வினைச்சொல்லுக்குப் பத்து வாக்கியம் எழுதச் சொல்வாயே. நீ கடைசியாகக் கொடுத்தது 'கம்', அதாவது 'வா'. எழுதி நோட்டோடு அனுப்புகிறேன். திருத்திவிட்டு இரண்டு வரி எழுது, திட்டியாவது எழுது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, பைத்தியம் பிடிக்கிறது.

உன் ஹரி

செங்கல்பட்டு
14.6.2025

ஹரிக்கு,

ஒன்பது சரி. ஐந்தாவதை அடித்திருக்கிறேன். 'என் மனைவி கூப்பிட்டதும் வந்தேன்.' ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பொய். அன்று வலி தாங்காமல் போன் செய்தேன். "வந்துகினே கீறேன், அஞ்சு நிமிசம்" என்றீர்கள். பக்கத்து வீட்டு ஷபானா அக்கா ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "அவரு வந்துகினு கீறாருக்கா" என்று திருப்பி அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு நீங்கள் வந்து கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்றார்கள். நிஜமாக எங்கே இருந்தீர்கள்?

ரோகிணி

திருப்போரூர்
18.6.2025

ரோகிணி,

சிறுசேரியில்தான் இருந்தேன். நீ போன் செய்தபோது வண்டியையே எடுக்கவில்லை. ஒரு ட்ரிப் பாக்கி, முடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். சவாரிக்காரர் கூப்பிட்டால் சீட்டில் படுத்துக்கொண்டே 'வந்துகினே கீறேன்' என்றுதான் சொல்வோம், எல்லா டிரைவரும். அந்தப் பழக்கத்தில் உன்னிடமும் சொல்லிவிட்டேன். நீ ஆட்டோவைத் திருப்பி அனுப்பியது உன் கடிதம் பார்த்துத்தான் தெரியும். என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேனடி. உன் காலில் விழுகிறேன், வந்துவிடு. பத்தையும் மறுபடி எழுதியிருக்கிறேன், எல்லாம் உண்மை. பத்தாவது, 'ரோகிணி வீட்டுக்கு வருவாள்.'

ஹரி

செங்கல்பட்டு
2.7.2025

ஹரிக்கு,

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஆனாலும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

ஒன்பது வாக்கியமும் சரி, உண்மையும்கூட. பத்தாவதை நீங்கள் எழுத முடியாது, நான்தான் எழுத வேண்டும். அதன் கீழேயே 'நான் வருவேன்' என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பரீட்சையை நன்றாக எழுதுங்கள். நோட்டை இனி அனுப்ப வேண்டாம்.

ரோகிணி