அறைக்குப் போகும் வழி

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சௌக்கியம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தலையில் பட்ட காயம் ஆறிவிட்டது. பேச்சு, நினைவு எல்லாம் பத்திரம். வழிதான் பிடிபடவில்லை. மூளையில் வழி கண்டுபிடிக்கும் பகுதியில் அடியாம். மெல்லச் சரியாகலாம் என்கிறார் டாக்டர். நேற்று குளித்துவிட்டு ஈரத்துண்டோடு மேஸ்திரி அறைக்குள் போய், என் அறை என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். “வாங்க மாப்ளே, விருந்துக்கா?” என்று சிரித்தபடி கொண்டுவந்து விட்டார். நானும் சிரித்தேன். அவர் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தத் தொழிலாளர் விடுதியில் எல்லாக் கதவும் ஒரே சாம்பல் நிறம். உன் சிவப்புச் சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு, கைப்பிடியில் கட்டிக்கொள்கிறேன். புதுசு வேண்டாம், நீ கட்டினது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. லீவில் வரும்போது பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வா. வழி தெரியாதென்று இல்லை, சும்மா, கைகோத்து நடக்கத்தான்.

உன் வீட்டுக்காரன்