ஐந்தாவது ஜோடிச் செருப்பு

மதினி,

நேற்று இங்கே நல்ல பனி. நாங்கள் கூடுகிற அறையின் வாசலில் எல்லோரும் நனைந்த பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்திருந்தோம். என்னோடு சேர்த்து ஆறு பேர், வாசலில் ஏழு ஜோடி. யாரோ மாற்றுக்குக் கொண்டுவந்ததாக இருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். கனடாவுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணாமல் எந்த வீட்டுக்குள்ளும் என்னால் நுழைய முடிவதில்லை.

அந்த அறையில் கூடுகிறவர்கள் எல்லோரும் சினிமாவுக்குப் புதிதாகக் கதை எழுதுகிறவர்கள். ஆளுக்கொரு திகில் கதை, முழுநீளப் படத்துக்கு. ஒரு பையன், உறைந்த ஏரிக்கு அடியில் விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறான். இன்னொரு பெண்ணின் கதையில் பனிப்புயலில் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் டிரைவர் மட்டும் காணாமல் போகிறார். நான் எழுதியிருப்பது உங்கள் கதை. முக்கால்வாசி படித்ததுமே, கூட்டத்தை நடத்துகிற அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதை எடுக்க ஆள் இருக்கிறது, ஆனால் முடிவு வேண்டும் என்கிறார். ஐந்தாவது செருப்புக்குச் சொந்தமான ஆள் பேயாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. அடுத்த கூட்டத்தில் நான் பதில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் வாய்ப்பு அந்த ஏரிக்காரப் பையனுக்குப் போய்விடும்.

முடிவு என்னிடம் இல்லை, மதினி. அது உங்களிடம்தான் இருந்தது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருஷம் அது. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று தாயில்பட்டிப் பக்கம் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனிக்கு என்னையும் கூட்டிப்போனீர்கள். செருப்பு வாசலோடு சரி, பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும், செல்போன் ரேடியோ எதுவும் உள்ளே கூடாது. புஸ்வாணத்துக்குள் வெடிமருந்தைத் திணித்துக் கெட்டிக்கிற வேலை. கெட்டித்துக் கெட்டித்து விரலெல்லாம் வெள்ளிப் பூச்சு ஏறிக் கிடக்கும். பேச்சுத்துணை இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும். மற்ற அறைகளில் வீட்டுச் சண்டை பேசினார்கள். நம் அறையில் நீங்கள் படக்கதை சொன்னீர்கள்.

என்ன ஒரு நெஞ்சழுத்தம் உங்களுக்கு. யாரும் எடுக்காத படத்தை, பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொல்வீர்கள். பின்னணி இசையும் நீங்களே. டீ வாளி வந்தால் "இடைவேளை" என்பீர்கள். உயிர் போகிற இடமாகப் பார்த்துத்தான் டீ வாளியும் வரும்.

நாலு பெண்கள் ஓர் அறையில் வேலை செய்கிறார்கள். வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு. சாயங்காலம் நாலு பேரும் போட்டுக்கொண்டு போன பிறகு ஒரு ஜோடி மிச்சமாகக் கிடக்கும். காலையில் வந்து பார்த்தால் அதில் ஈரமண் ஒட்டியிருக்கும். இவ்வளவுதான் கதை. இதை வைத்துக்கொண்டு சீசன் முழுக்க எங்களை ஆட்டி வைத்தீர்கள்.

மூச்சிரைப்புக்காரி செல்லத்தாயக்கா தாங்க மாட்டாமல் ஒருநாள் கேட்டே விட்டார். "படம் எங்கன ஓடுதுன்னு சொல்லு தாயி. நானே போயி முடிவப் பாத்துட்டு வந்துருதேன்."

"மதுரையில ஓடுதுக்கா. நீங்க பஸ் ஏறதுக்குள்ள நானே சொல்லிருவேன்."

மற்றவர்களுக்கு அது கதை. எனக்கு அது கதையில்லை. சட்டப்படி நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில், ஆர்டர் நெருக்குகிறது என்று போர்மேன் என்னை ஐந்தாவதாக உட்காரவைத்திருந்தார். சோதனைக்கு ஆபீசர் ஜீப் வருகிறது என்று போன் வந்தால் நான் பின்பக்கம் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட வேண்டும். ஜீப் போனதும் திரும்பி வரலாம். ஆளை ஒளிக்கத் தெரிந்தவர்களுக்குச் செருப்பை எடுத்து ஒளிக்கத் தோன்றியதே இல்லை. அதைப் பார்த்துத்தான் நீங்கள் இந்தக் கதையைப் பிடித்திருக்க வேண்டும்.

வீட்டில் தேங்காயெண்ணெய் போட்டு விரலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கெஞ்சிப் பார்த்தேன். "எனக்கு மட்டும் சொல்லுங்க மதினி. அது யாரு?"

"அவசரப்பட்டா மருந்தும் கெடும், கதையும் கெடும். உனக்குன்னு தனியா கெடையாது புள்ள. ரூம்ல வச்சு எல்லாருக்கும் ஒண்ணாத்தான்."

தீபாவளி நெருங்கியிருந்தது. அன்று வெளியே வெயிலில் காயவைக்கிற மேடையில் அனுமதிக்கு மேல் சரக்கு காய்ந்துகொண்டிருந்தது. டீ குடித்து முடித்ததும் நீங்கள் கடைசிக் கட்டத்தைத் தொடங்கினீர்கள். கதையில் வருகிற சூப்பர்வைசர், அந்தச் செருப்பைப் போட யார் வருகிறார்கள் என்று பார்க்க எதிர் அறையில் ஒளிந்துகொள்கிறான். யாரோ நடந்து வருகிற சத்தம். எங்கள் கைகள் தாமாக நின்றுவிட்டன.

அந்த நேரம் பார்த்துப் போர்மேன் ஓடி வந்தார். "ஜீப்பு இந்தப் பக்கம் திரும்பிருச்சாம். வெளிய கெடக்கதெல்லாம் உள்ள இழுத்துப் போடுங்க. ஏ புள்ள, நீ பொறத்தால ஓடு."

"மதினி, நான் வாரவரைக்கும் சொல்லாதீக" என்றேன். "ஓடு புள்ள" என்றீர்கள்.

கருவேல முள் காலில் ஏற ஏற ஓடிப் புதருக்குள் உட்கார்ந்தேன். பாதி காய்ந்த சரக்கைத் தட்டோடு சிமெண்டுத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. உரசினால் பற்றிக்கொள்ளும், அப்படி இழுக்கவே கூடாது என்று முதல்நாள் எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். ஜீப் வரவில்லை. அது அப்படியே நேராக வேறு கம்பெனிக்குப் போய்விட்டது, புழுதி மட்டும் தெரிந்தது. எழுந்திருக்கலாமா என்று யோசித்தபோது அறைக்குள் சிரிப்புக் கிளம்பியது. நாலு பேரும் சிரித்தீர்கள். செல்லத்தாயக்கா மூச்சிரைக்க இரைக்கச் சிரித்தார். தட்டு இழுபடுகிற சத்தமும் கூடவே கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. முடிவைச் சொல்லிவிட்டீர்கள்.

பிறகு வந்த சத்தத்தைப் பற்றி எழுதமாட்டேன். நாலு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அண்ணன் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையிலிருந்து ஓடி வந்தார். சிதறிக் கிடந்ததில் என் செருப்பைத்தான் முதலில் பார்த்திருக்கிறார். வார் அறுந்து நான் ஊக்கு குத்தியிருந்த செருப்பு அது. "பொண்டாட்டி, தங்கச்சி ரெண்டு பேரும் போயிட்டாகளே" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தவர், அதுவரை புதருக்குள்ளேயே கிடந்த நான் அதை விலக்கி வந்ததும் அலறிப் பின்வாங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். முள் கிழித்து ரத்தம் வழிந்த பாதங்களைக் கண்ட பிறகுதான் கிட்டே வந்தார். அதனால் அந்த அம்மாவின் பேய் யோசனையைக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சொந்த அண்ணன் கண்ணில் பேயாக நின்றவள் நான். அதில் சினிமா எதுவும் இல்லை.

முடிவை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். போர்மேனின் பெண்டாட்டி வேவு பார்க்க வந்தாள் என்று எழுதினேன். முன்பு அந்த அறையில் செத்துப்போன ஒருத்தியின் தங்கச்சி என்று எழுதினேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு சீசன் முழுக்கப் பயந்து கிடந்த பெண்கள், முதுகு ஒடிய மருந்து கெட்டித்தவர்கள், அந்த நெருக்கடியிலும் அப்படிச் சிரிக்க அங்கே என்னதான் சொன்னீர்கள்?

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன். இது என் மதினி கதை, இதில் பேய் கிடையாது, கேட்டவர்கள் சிரிக்க வேண்டும், அப்படி ஒரு முடிவு கிடைக்கிற வரை இந்தக் கதையைக் கொடுக்கமாட்டேன். படம் ஏரிக்காரப் பையனுக்கே போகட்டும். அவன் நல்ல பையன்.

உங்களை நினைத்து அழுதது எல்லாம் அழுதாயிற்று. நான் வருவதற்குள் சொல்லிவிட்டீர்களே என்ற கோபம் மட்டும் இன்னும் போகவில்லை, மதினி.